பள்ளியின் கணினியும் பிள்ளையின் கைபேசியும்

இந்தியப் பள்ளிகளுக்குள் கணினி நுழைந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. 1984-85இல் மத்திய அரசு கொண்டுவந்த ‘கிளாஸ்’ திட்டத்தின் கீழ், பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் தயாரித்த பிபிசி மைக்ரோ கணினிகள் சில நூறு பள்ளிகளுக்குக் கிடைத்தன. இணையம் என்ற ஒன்றே அன்றைய பள்ளிக்குத் தெரியாது. ஆகவே, பாதுகாப்பு என்றால் அறைக்கு ஒரு பூட்டு, இயந்திரத்துக்கு ஓர் உறை, செருப்பை வாசலில் கழற்றச் சொல்லும் ஓர் அட்டை, அத்துடன் சரி. பிள்ளைகளால் கணினிக்கு என்ன ஆகுமோ என்பதுதான் அன்றைய கவலை. கணினியால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இன்றைக்கு நிலைமை தலைகீழ். ஆனாலும் பாதுகாப்பு பற்றிய எண்ணம் பல பள்ளிகளில் இன்னும் பூட்டும் உறையுமாகவே நிற்கிறது.

சாதனங்களைச் சேர்ப்பதில் தமிழ்நாடு எந்த மாநிலத்துக்கும் சளைத்ததல்ல. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சாயின. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அதே ஆண்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கான உயர் தொழில்நுட்ப ஆய்வகத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. உயர்நிலைப் பள்ளிக்குப் பத்து, மேல்நிலைப் பள்ளிக்கு இருபது கணினிகள் என்பது கணக்கு. பின்னர் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அறிவிக்கப்பட்டன. மாணவரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பிரிவு, பெற்றோரின் கைபேசி எண் என்று எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ தகவல் தளத்தில் ஏறிவிட்டன. வருகைப் பதிவுகூட ஆசிரியரின் கைபேசிச் செயலிக்கு மாறிவிட்டது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் எந்தத் திட்டத்தின் கீழும் வரவில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது வீட்டுக் கைபேசியே வகுப்பறை ஆனது. நகையை அடகு வைத்துத் திறன்பேசி வாங்கிய குடும்பங்கள் உண்டு. பள்ளிகள் திறந்த பிறகு பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள்; கைபேசி அவர்கள் கையிலேயே தங்கிவிட்டது. இந்தியக் கிராமப்புறங்களில் நடத்தப்பட்ட ‘அசர் 2024’ ஆய்வின்படி, 14 முதல் 16 வயது வரையுள்ளவர்களில் 82.2% பேருக்குத் திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரியும். ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் படிப்பு சார்ந்த வேலைக்கு அதைத் தொட்டவர்கள் 57%. சமூக ஊடகத்துக்குத் தொட்டவர்கள் 76%. சமூக ஊடகத்தில் இருப்பவர்களில் ஒரு கணக்கைத் தடுக்கவோ, அதன் மீது புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62%. தம் பக்கத்தை அந்நியர் பார்க்காதபடி மூடி வைக்கத் தெரிந்தவர்கள் 55.2%. பரவாயில்லையே என்று தோன்றலாம். ஆனால், பத்தில் நான்கு பேருக்கு மேல் வீட்டுக் கதவைத் தாழிடத் தெரியாமல் தெருவில் குடியிருக்கிறார்கள் என்பதுதான் இதன் பொருள்.

ஆபத்து எந்த வழியில் வருகிறது?

இணையத்தில் பிள்ளைகளுக்கு நேரும் தீங்கை ஆய்வாளர்கள் பொதுவாக நான்காகப் பிரிப்பார்கள். லண்டன் பொருளாதாரப் பள்ளிப் பேராசிரியர் சோனியா லிவிங்ஸ்டனும் அவருடைய குழுவினரும் செப்பனிட்ட வகைப்பாடு இது. பிள்ளை காணக் கூடாததைக் காண்பது ஒன்று. பழகக் கூடாதவர் பழகவருவது இன்னொன்று. பிள்ளைகளே ஒருவருக்கொருவர் செய்துகொள்வது மூன்றாவது. நிறுவனங்கள் பிள்ளையிடமிருந்து பணத்தையோ தகவலையோ கறப்பது நான்காவது. பெற்றோரின் பயமெல்லாம் முதல் வகையைச் சுற்றியே இருக்கிறது. பள்ளிகள் செலவழிப்பதும் அதைத் தடுக்கத்தான். பிள்ளைகளை நொறுக்குவதோ பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்.

இரண்டாவது வகையில் இப்போது பரவியிருப்பது படத்தை வைத்துப் பணம் பறிப்பது. இதில் குறிவைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் பையன்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பதினான்கிலிருந்து பதினேழு வயது வரையுள்ள பையன்களே அதிகம் சிக்குகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ தொடர்ந்து எச்சரித்துவருகிறது. போக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான். இன்ஸ்டாகிராமில் ஒரு பெண்ணின் பெயரில் நட்புக் கோரிக்கை வரும். பையனின் நண்பர்கள் நாலைந்து பேர் ஏற்கெனவே அந்தக் கணக்கைப் பின்தொடர்வதாகக் காட்டும். அதனால் சந்தேகம் வராது. பேச்சு அன்றிரவே வேறு செயலிக்கு நகரும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு படம் வரும். பதிலுக்கு ஒன்று கேட்கப்படும். அனுப்பிய மறு நிமிடம் பேச்சின் தொனி மாறிவிடும். அடுத்து வருவது, பையனைப் பின்தொடரும் அத்தை, மாமா, வகுப்பு ஆசிரியர் ஆகியோரின் பெயர்ப் பட்டியலும், பணம் அனுப்ப வேண்டிய யுபிஐ முகவரியும்தான். பையன் தனியாகத் திண்டாடுவது சில மணி நேரம்தான். அந்தச் சில மணி நேரத்தில் அவன் போய்ச் சொல்ல ஒரு பெரியவர் இருக்கிறாரா என்பதில் உயிர் நிற்கிறது. பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்பதில்லை, தொகைதான் ஏறும்.

மூன்றாவது வகையின் புதிய முகம் செயற்கை நுண்ணறிவு. ஸ்பெயினின் தென்மேற்கில் உள்ள அல்மென்ட்ராலேஹோ என்ற சிற்றூரில் 2023இல் நடந்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. உடையணிந்த படத்தை நிர்வாணப் படமாக மாற்றும் செயலியைக் கொண்டு, இருபதுக்கும் மேற்பட்ட சிறுமிகளின் போலிப் படங்கள் உருவாக்கப்பட்டு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றின. செய்தவர்கள் அதே ஊர்ப் பள்ளிப் பையன்கள். 2024இல் சிறார் நீதிமன்றம் 15 பேரை ஓராண்டு கண்காணிப்பில் வைத்தது. மூலப் படங்கள் எல்லாம் அந்தச் சிறுமிகளே தங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் போட்ட சாதாரணப் படங்கள். அந்தரங்கப் படம் எதையும் யாருக்கும் அனுப்பாத பிள்ளையும் இனி இதில் பாதிக்கப்படலாம். ‘நீ ஏன் படம் அனுப்பினாய்?’ என்று பிள்ளையிடம் முதல் கேள்வி கேட்கும் வழக்கத்துக்கு இதன் பிறகு அர்த்தமே இல்லை. அதற்கு முன்பும் பெரிதாக இருந்ததில்லை.

வடிகட்டி எதுவரை?

பள்ளிகள் நாடும் முதல் தீர்வு வடிகட்டி. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, அரசின் இணைய மானியம் பெறும் பள்ளிகள் வடிகட்டி வைத்தே ஆக வேண்டும் என்றது. வடிகட்டி செய்யும் வேலை எளிதானது. மாணவர் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயர் எந்தக் கணினியைக் குறிக்கிறது என்று தேடும் கட்டத்திலேயே பட்டியலோடு ஒப்பிட்டு, தடை செய்யப்பட்ட பெயரானால் வழியை அடைத்துவிடும். கூகுள் தேடலில் ஆபாச முடிவுகளை நீக்கும் அமைப்பையும், யூடியூபின் கட்டுப்படுத்தப்பட்ட முறையையும் இதே இடத்தில் பூட்டிவிடலாம். செலவு குறைவு, ஆய்வகப் பொறுப்பாளர் ஒரு பிற்பகலில் செய்துவிடக்கூடிய வேலை. செய்யாமல் விடுவதற்குச் சாக்கு ஏதும் இல்லை.

ஆனால், இதன் எல்லை சிறியது. இன்று பெரும்பாலான தளங்களில் போக்குவரத்து மறையாக்கம் செய்யப்பட்டே நடக்கிறது. எந்தத் தளம் என்பது தெரியும். அதற்குள் எந்தப் பக்கம், என்ன பேச்சு என்பது எளிய வடிகட்டிக்குத் தெரியாது. சொற்களை வைத்துச் சலிக்கும் வடிகட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிப் பேசும் பிள்ளைகளின் வசவுகள் அவற்றின் கண்ணில் படுவதில்லை. மாறாக, மாதவிடாய், மார்பகப் புற்றுநோய் பற்றித் தேடும் பத்தாம் வகுப்பு மாணவிக்குக் கதவு அடைபடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளி வாயிலைத் தாண்டி ஓர் அடி வைத்ததும் அந்த வடிகட்டி இல்லை. மாலை நாலரை மணிக்கு மேல் பிள்ளை இருப்பது கைபேசி நிறுவனத்தின் தினசரி ஒன்றரை ஜிபிக்குள்.

இங்கிலாந்தின் பள்ளிகளுக்கான அரசு வழிகாட்டி இதில் ஒரு படி முன்னால் இருக்கிறது. வடிகட்டியும் கண்காணிப்பும் வேண்டும் என்பதோடு அது நின்றுவிடவில்லை. அவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான மூத்த ஆசிரியர் ஒருவரே இதற்கும் தலைமைப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்கிறது. வேலையைக் கணினி ஆள்களிடம் தள்ளிவிட முடியாது. நம் ஊர்ப் பள்ளிகளில் ‘இணையப் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?’ என்று கேட்டால் விரல் பெரும்பாலும் ஆய்வகத்தைத்தான் காட்டும்.

பள்ளியின் சொந்தப் பழக்கங்கள்

வெளியிலிருந்து வரும் ஆபத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு, பள்ளி தானே உண்டாக்கும் ஆபத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பள்ளியால் இன்றே, செலவின்றி, யாருடைய அனுமதியும் கேட்காமல் சரிசெய்யக்கூடியது அதுதான்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவை எடுத்துக்கொள்ளலாம். ஜூன் மாதம் வகுப்பாசிரியர் குழு தொடங்குகிறார். 45 பெற்றோரின் எண்கள் சேர்க்கப்படுகின்றன. அந்த நொடியிலிருந்து ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற 44 பேருக்கும் தெரியும். பல வீடுகளில் அந்த எண் இருக்கும் கைபேசி மாலையில் மகளின் கையில்தான் இருக்கும். முகப்புப் படமாக இருப்பதும் அவள் படமாகவே இருக்கலாம். இரவு பதினொரு மணிக்கு ‘ஹாய்’ என்று ஒரு தனிச் செய்தி வர இது போதும். ஆசிரியர்களுக்கும், குறிப்பாக ஆசிரியைகளுக்கும், இதே தொல்லை உண்டு. அதே வாட்ஸ்அப்பில் ‘கம்யூனிட்டி’ என்ற வசதி இருக்கிறது; அதன் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது, நிர்வாகிக்கு மட்டுமே தெரியும். வீட்டுப்பாடம் அனுப்ப அது போதுமானது. பாதிப் பேர் அதைக் கேள்விப்பட்டதில்லை.

அடுத்தது படங்கள். ஆண்டுவிழா, விளையாட்டு விழா, மரம் நடுவிழா, காலை உணவு என்று எதற்கும் படம் எடுத்து ‘ஆதாரமாக’ அனுப்பச் சொல்லும் நிர்வாகப் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. அந்தப் படங்கள் ஆசிரியரின் சொந்தக் கைபேசியில் எடுக்கப்படுகின்றன. அவருடைய சொந்தக் கூகுள் கணக்கில் தானாகச் சேமிக்கப்படுகின்றன. நான்கு குழுக்களைக் கடந்து பள்ளியின் முகநூல் பக்கத்தில் ஏறுகின்றன. படத்தின் கீழே மாணவியின் பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் இருக்கும். பரிசு பெற்ற பிள்ளைக்கு இது பெருமைதான், மறுப்பதற்கில்லை. அல்மென்ட்ராலேஹோவில் பையன்கள் தேடியெடுத்தது இப்படிப்பட்ட சாதாரணப் படங்களைத்தான் என்பதையும் மறந்துவிட முடியாது. தூரத்திலிருந்து எடுத்த குழுப் படம், முழுப் பெயர் இல்லாத குறிப்பு, ஆண்டு முடிந்ததும் நீக்கம், சேர்க்கையின்போதே பெற்றோரிடம் தனியாக ஓர் ஒப்புதல் என்று எளிய வழிகள் இருக்கின்றன.

கடவுச்சொல்லின் கதை இதைவிடப் பரிதாபம். ஆய்வகக் கணினிகள் அனைத்துக்கும் ஒரே கடவுச்சொல் இருக்கும். அது பெரும்பாலும் திரையின் ஓரத்தில் காகிதத்தில் ஒட்டப்பட்டிருக்கும், அல்லது பள்ளியின் பெயரோடு 123 சேர்த்து இருக்கும். தலைமை ஆசிரியரின் பெயரில் உள்ள நுழைவுச் சான்றுகள் அலுவலக உதவியாளர், கணினி பயிற்றுநர், அவசரத்துக்கு வெளியில் உள்ள கணினி மையம் வரை போய்வரும். உதவித்தொகைக்கான கடைசி நாளில் இணையம் படுத்துவிட்டால் வேறு வழியில்லை என்பது உண்மை. ஆனால், மாணவர்களின் முழு விவரமும் அந்தச் சான்றுகளுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

அந்த விவரம் கசிந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் ‘தீக்‌ஷா’ தளம் 2017இல் தொடங்கியது. அதன் சேமிப்புக் கிடங்கு ஒன்று பாதுகாப்பின்றி இணையத்தில் திறந்து கிடந்ததும், அதில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், சுமார் 6 லட்சம் மாணவர்களின் விவரங்கள் இருந்ததும் 2023 ஜனவரியில் செய்தியாயிற்று. யாரும் பூட்டை உடைக்கவில்லை, பூட்டே இல்லை. 2024 டிசம்பரில் வட அமெரிக்கப் பள்ளிகள் பயன்படுத்தும் பவர்ஸ்கூல் மென்பொருளில் நடந்த திருட்டில் 6 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் தகவல் போனது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் 19 வயதுக் கல்லூரி மாணவர். அவர் உள்ளே நுழையத் தேவைப்பட்டது திருடப்பட்ட நுழைவுச் சான்று. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2022இல் வெளியிட்ட ஆய்வோ வேறொரு பக்கத்தைக் காட்டியது. பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்ததில், 89% பிள்ளைகளின் உரிமைக்குப் பங்கம் விளைவிக்கக்கூடிய விதத்தில் தகவலைக் கையாண்டன. திருடு போகவே வேண்டியதில்லை, தயாரிப்பே அப்படி.

இந்தியாவில் 2023இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர் அனைவரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், பின்தொடர்ந்து கண்காணிப்பதும் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது, மீறினால் ரூ.200 கோடி வரை அபராதம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கல்விப் பணிக்காகவும் மாணவர் பாதுகாப்புக்காகவும் பள்ளிகள் மேற்கொள்ளும் கண்காணிப்புக்கு விதிகளில் விலக்கு உண்டு. அந்த விலக்கு நியாயமானதுதான். ஆனால், வகுப்பறைக் கேமராவைப் பெற்றோரின் கைபேசிக்கு நேரலையாக விற்கும் நிறுவனமும் அதே குடைக்குள் ஒதுங்கப் பார்க்கும். பள்ளி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தகவல் இல்லாமல் இந்த வேலை நடக்காதா? நடக்கும் என்றால் அதைச் சேகரிக்கவே கூடாது. ஆதார் இல்லாததைக் காரணம் காட்டிப் பள்ளிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்ன பிறகும், அதன் நகல் கேட்காத சேர்க்கைப் படிவம் அரிதாகவே இருக்கிறது.

பிள்ளை வந்து சொன்னால்

ஒரு பள்ளியில் இணையப் பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்பதை அளக்க, அங்கே எத்தனை தளங்கள் தடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பதைவிட, ஒரு பிள்ளை அழுதுகொண்டே வந்து கைபேசியை நீட்டினால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று கேட்பது மேல். வழக்கமாக நடப்பது தெரிந்ததுதான். கைபேசி பறிமுதல், அம்மா, அப்பாவுக்கு அழைப்பு, ‘பள்ளி பேர் கெட்டுப்போகும், வெளியே சொல்ல வேண்டாம்’ என்று ஒரு சமரசம், சில நாளில் மாற்றுச் சான்றிதழ். அடுத்த பிள்ளை எதையும் சொல்லாது.

சட்டம் இதை அனுமதிப்பதில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில், பாலியல் நோக்கத்தோடு பிள்ளையை மின்னணு வழியில் தொடர்ந்து துரத்துவதும், பிள்ளையின் படத்தை, அது புனையப்பட்டதாகவே இருந்தாலும், காட்டி மிரட்டுவதும் பாலியல் துன்புறுத்தல் ஆகும். 19ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் 21ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. பெற்றோர் பயப்படுவது காவல் நிலையத்துக்கு அலைய வேண்டுமே என்றுதான். அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு, பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெற வேண்டும், கூடுமானவரை பெண் அதிகாரி பெற வேண்டும், அவர் சீருடையில் வரக் கூடாது என்கிறது. இதைத் தலைமை ஆசிரியர் அறிந்திருந்தாலே பாதி வீடுகளில் தயக்கம் உடையும்.

இன்னொரு செய்தி ஆசிரியர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. பிள்ளையின் கைபேசியில் உள்ள அந்த அந்தரங்கப் படத்தைத் தன் கைபேசிக்கு அனுப்பிக்கொண்டு, அதைத் தலைமை ஆசிரியருக்கும் அவர் தாளாளருக்கும் அனுப்புவது நல்ல எண்ணத்தோடு அடிக்கடி நடக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, சிறாரின் இத்தகைய படங்களைப் பரப்புவதை முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. இத்தகைய படத்தைப் பதிவிறக்கி வைத்திருப்பது குற்றமல்ல என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் 2024 ஜனவரி தீர்ப்பையும், அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்துவிட்டது. படத்தை நகலெடுக்காமல், கணக்கின் பெயர், இணைப்பு முகவரி, தேதி, நேரம், கேட்கப்பட்ட தொகை ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொள்வதே சரியானது. உரையாடலை அழிக்கவும் கூடாது. அழித்தால் சாட்சியம் போய்விடும்.

பணம் போயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ அவ்வளவுக்கு, வங்கிக் கணக்கிலேயே அது முடக்கப்படும் வாய்ப்பு அதிகம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417. படத்தை நீக்கவும் வழி உண்டு. நிர்வாணத்தைக் காட்டும் அல்லது அப்படிப் புனையப்பட்ட படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் தந்தால், சமூக ஊடக நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் விதிகள் காலக்கெடு வைத்தன. அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023இல் தொடங்கிய ‘டேக் இட் டவுன்’ சேவை இலவசமானது. அது படத்தைக் கேட்பதில்லை. கைபேசிக்குள்ளேயே படத்திலிருந்து ஒரு நீண்ட குறியீட்டைக் கணக்கிட்டு, குறியீட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சேவையில் இணைந்துள்ள தளங்களில் அதே குறியீடு உள்ள படம் ஏறினால் கண்டுபிடிக்கப்படும். படத்தை வெட்டியோ மாற்றியோ போட்டால் குறியீடும் மாறிவிடலாம். மறையாக்கம் செய்யப்பட்ட தனி உரையாடலுக்குள் இது எட்டாது. ஆனாலும், ‘எல்லாம் முடிந்தது’ என்று நினைக்கும் பிள்ளையின் கையில் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது.

2021 மே மாதம், சென்னையில் இணையவழி வகுப்பு நடத்திய ஓர் ஆசிரியர் மீது மாணவிகள் புகார் சொன்னதைத் தொடர்ந்து, மாநில அரசு இணையவழி வகுப்புகளுக்கு நெறிமுறைகள் வகுத்தது. பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவும், ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டியும் அதையொட்டி வந்தவை. பெட்டி நல்ல யோசனை. அது தலைமை ஆசிரியர் அறை வாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கினால் எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்? அதன் சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை திறக்கப்படுகிறது, குழுவில் உள்ள வெளியாள் யார் என்பதெல்லாம் மாணவர்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அது வேலை செய்யும்.

எந்த வகுப்பில் கற்பிப்பது?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இணையப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் கணினி நன்னெறிக்கும் இணையப் பாதுகாப்புக்கும் ஒரு பாடமே இருக்கிறது. ஆனால், இத்தகைய பாடத்தைப் படிப்பவர்கள் கணினிப் பாடம் எடுத்தவர்கள் மட்டுமே. கணினிப் பாடம் இல்லாத பிரிவுகளில் உள்ளவர்களுக்கு அது கிடையாது. பத்தாம் வகுப்போடு நின்றுவிடுபவர்களுக்கும் கிடையாது. கைபேசி பலர் கைக்கு வருவது ஆறாம், ஏழாம் வகுப்பில். பாடம் வருவது ஐந்து ஆண்டுகள் கழித்து, அதுவும் சிலருக்கு. வந்த பாடமும் நச்சுநிரல், மறையாக்கம் என்று தேர்வுக்கான வரையறைகளில் பெரும் பகுதியைச் செலவிடுகிறது. மிரட்டப்பட்டால் யாரிடம் போவது என்பது மதிப்பெண்ணுக்கான கேள்வி அல்லவே.

கேரளம் வேறு வழியில் போயிருக்கிறது. 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம், 2017இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் குழுக்கள் இயங்குகின்றன. பொய்ச் செய்தியைச் சரிபார்க்கும் முறை அங்கே நடுநிலை வகுப்புப் பாடநூலுக்குள்ளேயே வந்துவிட்டது. கற்றவர்கள் பெற்றோருக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து செயற்கை நுண்ணறிவும் நிரலாக்கமும் கற்பிக்கும் நோக்கில் தமிழ்நாடு 2025இல் ‘டிஎன் ஸ்பார்க்’ பாடத்தைக் கொண்டுவந்திருக்கிறது. படத்தை உருவாக்கும் கருவியைக் கற்றுத்தரும் அதே வகுப்பில், வகுப்புத் தோழியின் படத்தை அதில் போட்டால் அது என்ன குற்றம் என்பதையும் கற்பிக்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

இத்தனை பாடுகளுக்குப் பதில், ஒரு வயதுக்குக் கீழ் சமூக ஊடகமே வேண்டாம் என்று தடுத்துவிட்டால் என்ன என்ற வாதம் இப்போது வலுத்திருக்கிறது. ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் கணக்கு வைத்திருக்க விதித்த தடை 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. மீறினால் தண்டனை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை, நிறுவனத்துக்குத்தான் என்பது அந்தச் சட்டத்தின் நல்ல அம்சம். தமிழ்நாட்டுக்கும் இதில் அனுபவம் உண்டு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தடை, ஆதார் வழி வயதுச் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 வரை விளையாட்டு நிறுத்தம் என்று மாநிலம் வகுத்த விதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றுக்கொண்டது. ஆகஸ்டில் மத்தியச் சட்டம் அத்தகைய விளையாட்டுகளையே தடை செய்தது. பணம் கைமாறும் இடத்தில் இப்படிப்பட்ட தடைக்கு வலு உண்டு. வங்கியும் யுபிஐயும் பிடிகளாக இருக்கின்றன.

சமூக ஊடகத்தில் அந்தப் பிடி இல்லை. வயதுச் சரிபார்ப்பு கணக்கின் உரிமையாளரைத்தான் பார்க்கும். தமிழ்நாட்டின் பல வீடுகளில் ஒரே கைபேசியை மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பையன் பார்க்கும் இன்ஸ்டாகிராம் அவனுடைய சித்தப்பாவின் பெயரில் இருக்கும். யூடியூப் அம்மாவின் மின்னஞ்சலில் இருக்கும். அந்த நிறுவனங்களின் கணக்கில் அவன் நாற்பது வயதுக்காரன். நாற்பது வயதுக்காரருக்குக் காட்டும் விளம்பரமும் காணொளியும்தான் அவனுக்கும் வரும். சிறுவர் கணக்குகளுக்கென்று அந்த நிறுவனங்களே வைத்திருக்கும் கட்டுப்பாடுகள், அதாவது அந்நியர் செய்தி அனுப்ப முடியாமை, இரவு நேர அமைதி, தானாக மூடப்பட்ட பக்கம் எதுவும் அவனுக்குக் கிடைப்பதில்லை. இந்த வீடுகளில், பிள்ளைக்கு அதன் சரியான வயதைக் காட்டித் தனிப் பயனர் கணக்கு ஒன்றைப் பெற்றோர் திறந்துகொடுப்பது தடையைவிடப் பயன் தரும். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் ஒரே கருவியில் இரண்டாவது பயனரைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று காட்ட, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அரை மணி நேரமும் ஒரு கைபேசியும் போதும்.